மஞ்சள் பூத்த ஹெட்லைட்

மங்கிப்போன ஹெட்லைட்டின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அதுவரை வெளுத்துக் கிடந்த முகப்பு சட்டென்று தெளியும். உள்ளே இருக்கும் பல்பும் அதற்குப் பின்னால் உள்ள வெள்ளிப்பூச்சும் துலக்கமாகத் தெரியும். ஈரம் காய்ந்ததும் மங்கல் பழையபடி வந்துவிடும். காசு செலவில்லாத இந்தச் சோதனை ஒரு முக்கியமான செய்தியைச் சொல்கிறது: தண்ணீர் அழுக்கைக் கழுவவில்லை, பிளாஸ்டிக்கைச் சரிசெய்யவும் இல்லை. மேற்பரப்பில் உள்ள கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை நிரப்பியது, அவ்வளவுதான். ஆகவே கோளாறு பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் இல்லை. வெளிப்புறத்து மெல்லிய அடுக்கில் இருக்கிறது. அப்படியானால் அதை வீட்டிலேயே சரிசெய்ய முடியும்.

தண்ணீர் ஊற்றியும் தெளியவில்லை என்றால் கதை வேறு. மங்கல் உள்பக்கம் இருக்கலாம், அல்லது வெடிப்புகள் ஆழமாக இறங்கியிருக்கலாம். அந்த விளக்கை எவ்வளவு தேய்த்தாலும் பலன் குறைவு.

ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எவ்வளவு திரும்பும் என்பதை ஒளிவிலகல் எண் தீர்மானிக்கிறது. காற்றுக்கு அது ஏறத்தாழ 1. தண்ணீருக்கு 1.33. ஹெட்லைட் முகப்பு செய்யப்படும் பாலிகார்பனேட்டுக்கு 1.58. இரண்டு எண்களுக்கும் இடைவெளி எவ்வளவு அதிகமோ, கரடுமுரடான பரப்பில் ஒளி அவ்வளவு சிதறும். காற்றுக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே 0.58 என்றிருக்கும் இடைவெளி, தண்ணீர் பட்டதும் 0.25 ஆகிவிடுகிறது. பஜ்ஜி வைத்த காகிதம் எண்ணெய் ஊறி, பின்னால் இருப்பதைக் காட்டுவதும் இதே காரணத்தால்தான்: நார்களுக்கு நடுவே காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்துவிடுகிறது. இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால், கடையில் விற்கும் எந்த மருந்து உண்மையில் வேலை செய்யும், எது கண்துடைப்பு என்பது தானாகவே விளங்கிவிடும்.

மங்கலால் வெளிச்சம் குறைகிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதி அதைவிட மோசமானது. லோ பீமில் ஒளிக்கற்றைக்கு மேலே ஒரு வரம்புக்கோடு உண்டு. சுவருக்கு எதிரே காரை நிறுத்தி டிம்மில் போட்டால் அந்தக் கோடு தெரியும்: கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. இடப்பக்கமாக ஓட்டும் நம் நாட்டில் அந்தக் கோடு இடப்பக்கம் சற்று மேலேறும். சாலையோரத்தில் நடப்பவரும் வழிகாட்டிப் பலகையும் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. வலப்பக்கம் தாழ்ந்தே இருக்கும். எதிரே வருபவரின் கண் கூசக் கூடாது. முகப்பு மங்கினால் இந்தக் கோடு கரைந்து போகிறது. சாலையில் விழ வேண்டிய ஒளி மேலும் கீழும் பக்கவாட்டிலும் சிதறுகிறது. நமக்குத் தூரம் தெரிவதில்லை. எதிரில் வருபவருக்கோ கண் கூசுகிறது. இந்த நிலையில் வெளிச்சம் போதவில்லையே என்று கூடுதல் வாட் பல்பு மாட்டுபவர்கள் நிறையப் பேர். சிதறலும் அதே விகிதத்தில் கூடும் என்பதால் எதிரே வருபவரின் தொல்லைதான் பெருகும். சூட்டில் உள்ளே இருக்கும் வெள்ளிப்பூச்சும் கெடும்.

பழைய அம்பாசடர், பத்மினி கார்களின் வட்ட விளக்குகள் உண்மையான கண்ணாடி. அவற்றில் முகப்புக் கண்ணாடியிலேயே வரிவரியாகப் பட்டைகள் இருக்கும். ஒளியைப் பரப்பும் வேலையை அவை செய்தன. இன்றைய விளக்கில் அந்த வேலையைப் பின்னால் உள்ள எதிரொளிப்பானோ, உள்ளே இருக்கும் புரொஜெக்டரோ செய்துவிடுகிறது. முகப்பின் கடமை ஒன்றுதான்: குறுக்கே நிற்காமல் ஒளியை வெளியே விடுவது. அதனால்தான் சிறு மங்கல்கூடப் பெரிய கெடுதல் செய்கிறது.

பாலிகார்பனேட் 1953-இல் பிறந்தது. ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸ் என்று இருவர், ஒருவரையொருவர் அறியாமல் அதே ஆண்டில் இந்தப் பொருளை உருவாக்கினார்கள். ஃபாக்ஸ் தேடியது மின்கம்பிக்கு ஒரு நல்ல காப்புப் பூச்சு. கிடைத்தது, சுத்தியலுக்கும் எளிதில் மசியாத ஒளிபுகும் பிளாஸ்டிக். நிலவில் இறங்கிய அப்பல்லோ வீரர்களின் தலைக்கவசக் கூண்டும், நாம் பாட்டுக் கேட்ட சிடி தட்டும் இதே பொருள்தான். கண்ணாடியில் பாதி எடைகூட இல்லை. கல் பட்டால் சில்லாக உடையாது. எந்த வளைவிலும் வார்க்கலாம். அமெரிக்காவில் 1983-இல் விதி மாறியது. பல்பை மட்டும் தனியே மாற்றும் ஹெட்லைட்டுகள் அனுமதிக்கப்பட்டன. வழிமறித்து நின்ற வட்டமும் செவ்வகமும் போய், பானெட்டோடு இழைந்து வளையும் முகப்புகள் வந்தன.

இத்தனை நல்ல குணங்களுக்கு நடுவே இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, பாலிகார்பனேட் மென்மையானது. அடியைத் தாங்கும், கீறலைத் தாங்காது. மணல் ஒட்டிய காய்ந்த துணியால் துடைத்தாலே கோடு விழும். இரண்டாவது, அதற்கு வெயில் ஆகாது.

வெயிலின் புறஊதாக் கதிரை பாலிகார்பனேட் நன்றாக உறிஞ்சும். உறிஞ்சிய ஆற்றல் மூலக்கூறுச் சங்கிலியில் இரண்டு விதமாக வேலை செய்கிறது. குறைந்த அலைநீளக் கதிர் பட்டால் சங்கிலியின் இணைப்புகள் அறுந்து, இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. வேதியியலில் இதை ஒளி-ஃப்ரைஸ் மாற்றம் என்பார்கள். புதிதாக உண்டாகும் சேர்மங்கள் நீல ஒளியை விழுங்குவதால், மிஞ்சியது மஞ்சளாகத் தெரிகிறது. நம் தலைக்கு மேல் அடிக்கும் வெயிலில் இதைவிடப் பெரிய பங்கு ஆக்ஸிஜனோடு சேர்ந்து நடக்கும் ஒளி-ஆக்ஸிஜனேற்றத்துக்கு. சங்கிலிகள் குட்டையாகி, மேற்பரப்பு நொறுங்கும் தன்மை பெறுகிறது. பகல் சூட்டில் விரிந்து இரவில் சுருங்கும்போது அந்த நொறுங்கிய அடுக்கில் நுண்வெடிப்புகள் விழுகின்றன. மழைநீர் புகுந்து மேலும் கெடுக்கிறது. மஞ்சள் நிறம் ஒரு நோய், மங்கல் இன்னொரு நோய். இரண்டும் ஒன்றாக வருவதால் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. நல்ல செய்தி என்னவென்றால், புறஊதாக் கதிர் பிளாஸ்டிக்குக்குள் ஆழமாகப் போவதில்லை. சேதம் சில பத்து மைக்ரான் அளவிலேயே நின்றுவிடும். முகப்பின் தடிமனோ 3 மில்லிமீட்டரை ஒட்டியது, அதாவது 3,000 மைக்ரான். தேய்த்து எடுப்பதற்கு வேண்டிய சரக்கு தாராளமாகவே இருக்கிறது.

இந்தப் பலவீனங்கள் தெரிந்தேதான் தொழிற்சாலையில் ஒவ்வொரு முகப்பின் மேலும் ஒரு கடினப்பூச்சு போடுகிறார்கள். அக்ரிலிக் அல்லது சிலிக்கோன் வகை. தடிமன் 10 மைக்ரானைச் சுற்றி இருக்கும். கீறலைத் தாங்குவதும் புறஊதாவை விழுங்குவதும் அதன் வேலை. அமெரிக்க விதிப்படி இத்தகைய பிளாஸ்டிக்கின் மாதிரிகளை ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் 3 ஆண்டுகள் திறந்தவெளியில் காயவைத்துச் சோதிக்க வேண்டும். ஒன்று ஈரமும் வெயிலும், மற்றொன்று பாலைவன வெயில். நம் ஊர் இரண்டுக்கும் சளைத்தது அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் புறஊதாக் குறியீடு 11-ஐத் தொட்டாலே உச்சகட்டம். சித்திரை மாத நண்பகலில் சென்னை வானம் தெளிவாக இருந்தால் அதைத் தாண்டிவிடும். நிழலில்லாத தெருவோரத்தில் நின்றே காலம் தள்ளும் கார்களுக்கு அந்தப் பூச்சு சில ஆண்டுகளில் தேய்ந்து உரிகிறது. முகப்பின் மேல்விளிம்பில்தான் முதலில் தெரியும், வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும் இடம் அது. நகத்தால் தடவினால் உரிந்த இடத்துக்கும் உரியாத இடத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய படி தட்டுப்படும்.

மங்கிய ஹெட்லைட்டைத் தெளியவைப்பது கடினமான வேலையே அல்ல. ஆனால் தேய்க்கும்போது மிச்சமிருக்கும் கவசத்தையும் சேர்த்தே எடுத்துவிடுகிறோம். அதைத் திருப்பிப் போடாமல் விட்டால், பளபளவென்று இருக்கும் வெறும் பிளாஸ்டிக் சில மாத வெயிலிலேயே முன்னைவிட வேகமாக மஞ்சளாகும். வேலையின் உயிர்நாடி கடைசிப் பூச்சில் இருக்கிறது. பாலிஷ் போட்ட பளபளப்பைப் பார்த்து அங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம்.

பற்பசை வைத்தியத்தை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். பற்பசையில் பல்லைத் தேய்க்கும் நுண்துகள் இருக்கிறது. அது லேசான மங்கலை ஓரளவு அகற்றும். காப்பு எதையும் விட்டுச் செல்லாது. எண்ணெய், துருநீக்கி ஸ்பிரே தடவுவது இன்னும் எளிய தந்திரம். எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.47 அளவில் இருப்பதால் பள்ளங்கள் நிரம்பி, உடனே தெளிவாகத் தெரியும். அடுத்த மழைவரை அது தாங்கும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஹெட்லைட்டை விரலால் தடவிப் பார்ப்பது நல்லது.

ஆவி பாலிஷ் என்று ஒன்று வந்திருக்கிறது. சூடாகும் கோப்பையில் திரவத்தை ஊற்றி, மூக்கு வழியே வரும் ஆவியை மங்கிய முகப்பில் காட்டினால் கண்ணெதிரே தெளிகிறது. பார்ப்பதற்கு மாயம்போல் இருக்கும். அந்தத் திரவங்களில் குளோரோஃபார்ம் அல்லது டைகுளோரோமீத்தேன் இருக்கும். ஆவி பிளாஸ்டிக்கின் மேல்தோலைக் கரைத்து இளக்குகிறது. கெட்ட அடுக்கு போவதில்லை, உருகி மட்டமாகிறது. பிளாஸ்டிக்கினுள் இழுவிசை தங்கி, பிறகு வெடிப்பாக வெளிப்படலாம். அதைவிடப் பெரிய கவலை, அந்த ஆவியைச் சுவாசிக்கும் மனிதரைப் பற்றியது. டைகுளோரோமீத்தேனை வீட்டு உபயோகத்துக்கு விற்பதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-இல் தடை விதித்தது. வீட்டு வாசலில் இதைச் செய்யவே வேண்டாம். தெருமுனையில் முகக்கவசமில்லாமல் செய்து கொடுக்கும் பையனிடமும் செய்யச் சொல்ல வேண்டாம்.

சரியான வழி பெயிண்டர்களின் வழி. ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் என்று பொதுவாகக் கேட்டால் மரவேலைத் தாளைக் கொடுத்துவிடுவார்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் என்று கேட்க வேண்டும். 400 அல்லது 600, பிறகு 1000, 1500, 2000. எண் கூடக் கூடத் துகள் சிறிதாகும். 400-இல் துகள் 35 மைக்ரான், 1000-இல் 18, 2000-இல் 10. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. பரப்பின் மேடுபள்ளம் அந்த அளவுக்கும் கீழே போனால்தான் ஒளி சிதறாமல் கடக்கும். 2000 தாள் முடிந்தபின்னும் முகப்பு மங்கலாகவே தெரிவதற்கு இதுதான் காரணம், பயப்பட வேண்டியதில்லை.

முதலில் சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் ஒரு மணல்துகள் போதும், தாளுக்கு அடியில் சிக்கிப் புதிய கோடு போட. சுற்றியுள்ள பெயின்ட், பம்பர் ஓரங்களில் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்றாக ஒட்டுங்கள். தாள் முனை பெயின்டில் பட்டால் அந்தச் செலவு இந்த மிச்சத்தை விழுங்கிவிடும். காரை நிழலில் நிறுத்தி, முகப்பு ஆறிய பிறகு தொடங்குங்கள். வாளித் தண்ணீரில் சில துளி ஷாம்பூ விட்டுத் தாளை ஊறவையுங்கள்.

முதல் தாளால் தேய்க்கும்போது கவனிக்க வேண்டியது வழியும் தண்ணீரின் நிறம். தொடக்கத்தில் அது அழுக்கு மஞ்சளாக வழியும். வெயிலில் கெட்டுப்போன அடுக்கு கரைந்து வருகிறது. விடாமல் தேய்த்தால் நிறம் வெளுத்து, ஒரு கட்டத்தில் சுத்தமான வெண்மையாகிவிடும். நல்ல பிளாஸ்டிக்கை எட்டிவிட்டோம் என்பதற்கு அதுதான் அடையாளம். அதோடு, நகத்தில் தட்டுப்பட்ட படியும் மறைந்திருக்க வேண்டும். பழைய பூச்சு ஓரிடத்தில் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தால் மேலே எது பூசினாலும் அந்தத் திட்டின் விளிம்பு காட்டிக்கொடுக்கும். இந்த முதல் கட்டத்தில்தான் பொறுமை வேண்டும். மொத்த உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான் போகும். அவசரப்பட்டு அடுத்த தாளுக்குத் தாவினால், 1000 தாள் அந்த மிச்சத்தைக் காலம் முழுதும் தேய்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு தாளைக் கிடைமட்டமாகத் தேய்த்தால் அடுத்ததை மேலும் கீழுமாகத் தேய்ப்பது பெயிண்டர்களின் பழக்கம். முந்தைய கீறல்கள் குறுக்குத்திசையில் இருப்பதால் அவை மிச்சமிருக்கின்றனவா என்பது உடனே தெரியும். ஒவ்வொரு தாளுக்கும் ஒரே கடமை: முந்தைய தாளின் கீறலை அழிப்பது. தாள் மாற்றும்போது தண்ணீரையும் மாற்றுங்கள்.

கல்லடிப் பள்ளங்கள் தனி விஷயம். நெடுஞ்சாலையில் மணல் லாரிக்குப் பின்னால் போகும் கார்களின் முகப்பில் குட்டிக் குட்டிக் குழிகள் விழுந்திருக்கும். வெயிலின் சேதம் சில பத்து மைக்ரான்தான். ஒரு கல் குழியோ 100 மைக்ரானையும் தாண்டும். அதை அழிக்க முகப்பு முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டும். குழி இருக்கும் இடத்தை மட்டும் தோண்டித் தேய்த்தால் அங்கே வளைவு மாறி, ஒளி அலைபாயும். என் கருத்து, ஆழமான குழிகளை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதே. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 500 சதுர சென்டிமீட்டர் முகப்பில் 1 மில்லிமீட்டர் அகலக் குழிகள் 50 இருந்தாலும் அவற்றின் மொத்தப் பரப்பு 0.4 சதுர சென்டிமீட்டர்தான், ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மங்கலோ முழுப் பரப்பையும் மூடியிருக்கிறது. கண்ணை உறுத்துவது குழி; ஒளியைக் கெடுப்பது மங்கல். தூசிமணல் அடித்து ஆயிரக்கணக்கில் பொடிக்குழிகள் விழுந்திருந்தால் மட்டும் 400-இல் நின்று நிதானமாக இறக்கலாம். அவை ஆழமற்றவை, போய்விடும்.

2000 முடிந்த பிறகு பாலிஷ் போட வேண்டுமா என்பது நீங்கள் பூசப்போகும் பூச்சைப் பொறுத்தது. துணியால் துடைத்துவிடும் மெல்லிய பூச்சு அல்லது செராமிக் வகை என்றால் ரப்பிங் காம்பவுண்ட் போட்டு முழுத் தெளிவுக்குக் கொண்டுவர வேண்டும். மெஷின் பயன்படுத்தினால் ஒரே இடத்தில் அழுத்தி நிறுத்தாதீர்கள். சூடேறினால் பாலிகார்பனேட் இளகி இழுபடும். கனமான கிளியர் கோட் என்றால் பாலிஷே தேவையில்லை. கிளியரின் ஒளிவிலகல் எண் 1.5-ஐ ஒட்டியது, பிளாஸ்டிக்கோடு இடைவெளி 0.1-க்கும் குறைவு. தண்ணீர் செய்த வேலையை அதைவிட நன்றாக, நிரந்தரமாகச் செய்யும். மேலும், கீறல் சற்று இருந்தால்தான் அது நன்றாகப் பிடிக்கும்.

நெடுங்காலம் உழைப்பது பட்டறையில் அடிக்கும் இரு-கூறு கிளியர். ஹார்ட்னர் கலந்து அடிப்பது. ஆனால் அந்த ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது; சாதாரண துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. தேய்ப்பது வரை வீட்டில் செய்துவிட்டு, அடிப்பதை மட்டும் பெயின்டிங் பட்டறையில் உரிய கவசத்தோடு செய்பவரிடம் விடுவது புத்திசாலித்தனம். புறஊதாத் தடுப்பு உள்ள கிளியர்தானா என்று கேட்டு அடிக்கச் சொல்லுங்கள். முழுக்க வீட்டிலேயே முடிக்க விரும்புவோருக்கு, ஹெட்லைட்டுக்கென்றே வரும் துடைப்புப் பூச்சுகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகை வெயிலில் வைத்தால் இறுகும். பிளாஸ்டிக்கைக் கெடுத்த அதே புறஊதாக் கதிர்தான் அந்தப் பூச்சின் மூலக்கூறுகளைக் கோத்துக் கெட்டியாக்குகிறது. வெறும் மெழுகு பூசினால் சில வாரங்கள் தாங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

பூசுமுன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் மூன்றும் கூடவே கூடாது; பாலிகார்பனேட்டில் பட்ட மாத்திரத்தில் நுண்வெடிப்பு கிளப்பும். தேய்த்த அன்றே பூச்சையும் முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் தொடங்க வேண்டாம். டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம்வரை ஈரம் படக் கூடாது.

எவ்வளவு மீளும்? அமெரிக்காவின் ஏஏஏ மோட்டார் சங்கம் 2018-இல் அளந்து பார்த்தது. கெட்டுப்போன முகப்புகள் லோ பீமில் புதிய விளக்கின் வெளிச்சத்தில் 22 விழுக்காட்டையே தந்தன. தேய்த்துச் சரிசெய்தபின் அது சுமார் 70 விழுக்காடு ஆனது. சரிசெய்த விளக்குகளில் கூச்சம் அனுமதித்த அளவைவிடக் கூடுதலாகவே இருந்தது என்பதையும் அதே சோதனை பதிவு செய்திருக்கிறது. புதிய விளக்குக்கு இது ஈடாகாது. ஆனால் 22-க்கும் 70-க்கும் உள்ள தூரம் இரவில் ஒரு சைக்கிள்காரரைச் சரியான நேரத்தில் பார்ப்பதற்கும் பார்க்காமல் போவதற்கும் உள்ள தூரம். அறுபது வயதைத் தாண்டியவரின் விழித்திரைக்கு இளைஞருக்குக் கிடைக்கும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. பழைய காரை ஆசையோடு வைத்து ஓட்டுபவர்களில் அந்த வயதினர் நிறையப் பேர். அவர்களுக்கு இந்த வேலையைப் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்து கொடுக்கலாம்.

எதிரொளிப்பானின் வெள்ளிப்பூச்சு கருத்திருந்தாலோ, உள்ளே நீர் கோத்திருந்தாலோ, முகப்பில் வெடிப்பு ஓடியிருந்தாலோ தேய்ப்பதில் நேரத்தை வீணாக்காமல் முழு விளக்கையும் மாற்றுங்கள். சரிசெய்தவர்கள் அடுத்து நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: புதுப்பூச்சும் சாகாவரம் பெற்றதல்ல. துடைப்புப் பூச்சானால் ஓரிரு ஆண்டில் தண்ணீர் முத்தாக உருளாமல் பரவி நிற்கத் தொடங்கும்போதே, மஞ்சள் தலைகாட்டும் முன்பே, 2000 தாளால் லேசாக ஒரு முறை உரசி அடுத்த பூச்சைப் போட்டுவிடுங்கள். பூச்சுக்கு அடியில் பிளாஸ்டிக் கெடாமல் இருக்கும்வரை 400 தாளைத் திரும்பத் தொட வேண்டிய அவசியமே வராது.